318-ஆவது பியரும் இலக்கம் இல்லாத பியரும்

என்னிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. நீல மட்டை, ஒரு ஓரம் எலி கடித்தது. 1998-இல் கப்பலில் வேலை செய்தபோது தொடங்கினேன். குடித்த ஒவ்வொரு புதுப் பியரின் பெயர், குடித்த ஊர், திகதி, பக்கத்தில் ஒரே சொல்லில் தீர்ப்பு. ஒரு பியரை இரண்டு தடவை எழுதக் கூடாது என்பது கொப்பியின் சட்டம். சட்டம் போட்டவனும் நான்தான், இத்தனை வருடமாக அதற்குக் கட்டுப்பட்டவனும் நான்தான். இந்த வைகாசியில் 317-இல் நின்றது.

318-ஐக் கொண்டுவந்தவன் என் தங்கச்சியின் மகன். கொழும்பில் வேலை. உதயதேவி ரயிலில் மட்டக்களப்பில் வந்து இறங்கி, ஓட்டோ பிடித்துக் கல்லடிக்கு வந்தவன் வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே பையைத் திறந்தான். நான்கு டின், நான்கும் நான்கு விதம். ஒன்றில் பச்சைக் கிளி, ஒன்றில் எலும்புக்கூடு. "மாமா, இது உங்கட கொப்பியில இல்லாத சாமான்" என்று எலும்புக்கூட்டை நீட்டினான். ஃபிரிட்ஜில் ஒரு மணித்தியாலம் வைத்து, பின்னேரம் விறாந்தையில் உடைத்தோம். ஏதோ பழப் புளிப்பு, பிறகு ஒரு கசப்பு, பிறகு ஒன்றுமில்லை. கொப்பியை எடுத்து 318 என்று போட்டு, பெயர் எழுதி, "நல்லம்" என்று முடித்தேன்.

அவன் கொப்பியைப் பிடுங்கினான். "204 என்ன மாமா?"

நினைவில்லை.

"சரி, 151? எங்கயோ சந்தோஸ் எண்டு போட்டிரிக்கு."

பிரேசில் துறைமுகம். மழை பெய்தது ஞாபகம். கூட வந்த பிலிப்பைன்ஸ் பெடியன் செருப்பைத் தொலைத்தது ஞாபகம். பியர் ஞாபகம் இல்லை.

எண்ணியும் பார்த்தான், பாவி. 318-இல் 94 இடத்தில் "நல்லம்", 61 இடத்தில் "பரவாயில்லை", 40 இடத்தில் "கசப்பு". "அப்ப குடிச்சும் குடிக்காத மாதிரித்தானே?" என்றான். மறுகா இன்னொரு கேள்வி கேட்டான், அதுதான் சுட்டது. "லயன் லாகர் எத்தினையாம் நம்பர்?"

அது கொப்பியிலேயே இல்லை. கொப்பி தொடங்கும் முன்பே குடித்துவிட்டேனே. சட்டப்படி அது புதுசு அல்ல. வாழ்நாளில் அதிகம் குடித்த பியரைப் பற்றி ஒரு சொல்கூட நான் எழுதி வைக்கவில்லை.

அதனால் ஒரு மாதம், பொசன் பௌர்ணமிப் போயாவில் இருந்து எசல போயா வரை, தெரிந்த பியர் மட்டும் என்று முடிவு செய்தேன். மாதம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். எனக்குச் சீனி வருத்தம் உண்டு. டொக்டர் கிழமைக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுத் தந்திருக்கிறார், மனைவி அந்தக் கணக்கைக் காப்பாற்றுகிறார். ஆக மொத்தம் எட்டுத் தடவை. எட்டே தடவைதான் என்றால் ஒன்றையும் வீணாக்க மனம் வராது.

என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தத் தீர்ப்பு முழுக்க அதில் இருந்துதான் வருகிறது. நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கப்பலில் குளிரூட்டி பார்த்தேன்: குவாயாக்கில் துறைமுகத்தில் வாழைப்பழம் ஏற்றி அன்ட்வேர்ப்பிலும் ஹம்பேர்க்கிலும் இறக்கும் கப்பல்கள். இப்போது மட்டக்களப்பில் கடை, ஹோட்டல், மீன் வாடி, வீடு என்று எல்லா இடத்திலும் கொம்பிரசரும் காஸும் என் பாடு. தவறணைகளின் ஃபிரிட்ஜும் அதில் அடங்கும். எந்தக் கடை ஃபிரிட்ஜ் உண்மையாகக் குளிர்கிறது, எது வெறும் லைட் போட்ட அலுமாரி என்று எனக்குத் தெரியும். வாடிக்கையாளர்கள் என்பதால் பெயர் சொல்ல மாட்டேன்.

முதல் நான்கு தடவையும் லயன் லாகர்தான். 4.8 வீதம் அல்ககோல், 625 மில்லி, கபிலப் போத்தல். கல்லடியில் வாவிக்கரையில் ஒரு சின்ன விருந்தினர் விடுதி இருக்கிறது. நான்கு மேசை, வேப்பமரம், அங்கிருந்து பார்த்தால் இரண்டு பாலமும் தெரியும். 1924-இல் கட்டியது ஒன்று, 2013-இல் திறந்தது ஒன்று. வாகனமெல்லாம் புதுசில் போகும், காற்று வாங்க வருபவர்கள் பழசில் நடப்பார்கள். அந்த விடுதியின் ஃபிரிட்ஜைப் பார்ப்பது நான்தான், எனவே அதன் குளிரைப் பற்றி நான் புகழ்வதைப் பாதியாகக் குறைத்து வாசிக்கவும்.

சட்டைப் பைக்குள் வேலைக்குக் கொண்டுபோகும் வெப்பமானியும் இருந்தது. தங்கச்சியின் பெடியன் சிரித்தான். சிரிக்கட்டும்.

போத்தல் வந்தபோது 3 பாகை செல்சியஸ். எங்கள் ஊரில் எல்லாரும் கேட்பது இதைத்தான்: "நல்லா கூலா ஒண்டு." கச்சான் காற்று அடிக்கிற ஆனி மாதத்தில், மத்தியானம் கொதித்த தார் ரோட்டில் இருந்து வந்து உட்காருபவன் வேறு என்ன கேட்பான்? (எங்களுக்குக் காற்றும் கச்சான், கொறிக்கிற கடலையும் கச்சான். இரண்டும் தொண்டையை வறட்டும்.) ஆனால் 3 பாகையில் லயன் லாகருக்கு ருசி என்று ஒன்று கிடையாது. நாக்கு விறைக்கிறது, காஸ் குத்துகிறது, குளிர் இறங்குகிறது. அந்தக் குளிரில் எந்தப் பியரைத் தந்தாலும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. கொப்பியில் இருக்கும் 94 "நல்லம்"களில் பாதி இந்தக் குளிருக்குப் போட்ட புள்ளி என்று இப்போது சந்தேகம்.

அப்படியே விட்டேன். 7 பாகைக்கு வர அந்த வெக்கையில் அதிக நேரம் எடுக்கவில்லை. வெளியே போத்தல் வியர்த்துக்கொண்டிருந்தது. 7-இல் ஊற்றியபோதுதான் அது வாயைத் திறந்தது. முதலில் தானிய வாசம். வாழைச்சேனைப் பக்கம் அம்மாவின் ஊரில் நெல் அவிக்கிற கொட்டிலுக்குள் நுழைந்தால் ஒரு ஈரச் சூடு முகத்தில் அடிக்குமே, அதன் தூரத்து உறவு. பிறகு மெல்லிய இனிப்பு. கசப்பு கடைசியில் வந்து நாக்கின் பின்பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறது, வேப்பம்பூ வடகம் தின்றால் இருக்கிற அளவுக்கும் குறைவு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளது எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

11 பாகையில் கதை முடிந்தது. இனிப்புத் தூக்கலாகி, காஸ் இறங்கி, மிச்சம் கால் கிளாஸ் வேப்பமரத்துக்குப் போனது.

ஆகவே என் முதல் கண்டுபிடிப்பு, முப்பது வருடம் பிந்தியது: 6-இல் இருந்து 8 வரை. அந்தக் கால் மணித்தியாலம்தான் லயன் லாகர். அதற்கு முன்னால் ஐஸ், பின்னால் பாணி.

குளிரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லுகிறேன். லாகர் என்ற ஜெர்மன் சொல்லுக்குக் களஞ்சியம், சேமித்து வைப்பது என்று அர்த்தம். குளிரில் நொதிக்க விட்டு, அதைவிடக் குளிரில் வாரக்கணக்கில் கிடக்க விடுகிற பியர். பவேரியாக்காரர் அதற்குக் குகை தோண்டி, மாரியில் ஏரியில் ஐஸ் வெட்டி அடுக்கி வைத்தார்கள். 1870-களில் கார்ல் வொன் லிண்டே என்ற பொறியியலாளர் குளிரூட்டும் இயந்திரம் செய்தபோது, காசு போட்டு முதலில் ஓட்டிப் பார்க்க இடம் கொடுத்தது மியூனிக்கில் ஸ்பாட்டன் என்ற பியர் வடிசாலை. கப்பலில் என் சீஃப் ஒரு ஜெர்மன்காரர். கொம்பிரசர் பழுதாகும் நாளில் எல்லாம் இந்தக் கதையைச் சொல்லி, "நீயும் நானும் சாப்பிடுவது பியர்காரன் போட்ட சோறு" என்பார். எங்கள் நாட்டில் அந்த இயந்திரத்துக்குப் பதில் மலை இருந்தது. 1881-இல் லயனின் பழைய கம்பனியான சிலோன் புருவரி நுவரெலியாவில்தான் தொடங்கியது, கடல் மட்டத்தில் இருந்து 1,800 மீட்டருக்கு மேலே, குளிர் சும்மா கிடைக்கிற இடத்தில். கொழும்புக்குப் பக்கத்துப் பியகமவுக்கு இறங்கி வந்தது 1990-களின் பிற்பகுதியில். இரண்டாவது கிளாஸ் ஊற்றும்போது இதைப் பெடியனுக்குச் சொன்னேன். "மாமா, பியருக்கும் வரலாறு வச்சிரிக்கீங்க, வீட்டில லைட் பில்லு மட்டும் எப்ப கட்டினீங்க எண்டு தெரியாது" என்றான்.

இரண்டாவது தடவை வேறு இடம். டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடை, பெயர் வேண்டாம். கணவாய்ப் பொரியல் அருமை. அதற்காகவே போவேன். போத்தல் 6 பாகையில் வந்தது, திகதியும் புதுசு, கபிலக் கண்ணாடி. எல்லாம் சரி. ஊற்றினால் நுரை நிற்கவில்லை. சோடா மாதிரிச் சீறி அடங்கிவிட்டது. கிளாஸின் உள்பக்கத்தில் குமிழ்கள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நின்றன. கணவாய் பொரித்த தட்டைக் கழுவிய அதே தண்ணீரில், அதே பஞ்சில் கழுவிய கிளாஸ். எண்ணெய் ஒரு துளி போதும், நுரை செத்துவிடும். நுரை போனால் வாசமும் போச்சு, பியர் தட்டையாகிவிடும். போத்தலில் இருந்து நேரே ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்: நான் அறிந்த லயன். கிளாஸைப் போய் வெறும் தண்ணீரில் இரண்டு தரம் அலசிவிட்டு வந்து ஊற்றினேன். இரண்டு விரல் உயரத்துக்கு நுரை எழும்பி, குடிக்கக் குடிக்கக் கிளாஸில் வளையம் வளையமாக இறங்கியது.

நான் சொல்ல வந்த விடயம் இந்த இடத்தில்தான் எனக்கே பிடிபட்டது. கிளாஸ் பிழை என்று எப்படிக் கண்டுபிடித்தேன்? பியரைத் தெரிந்திருந்ததால். அதே கிளாஸில் எலும்புக்கூட்டு டின்னை ஊற்றியிருந்தால், "தட்டை, பரவாயில்லை" என்று கொப்பியில் போட்டு அந்தப் பியரைச் செய்தவன் தலையில் பழியைப் போட்டிருப்பேன். ஃபிரிட்ஜைத் திருத்தப் போகிற வீட்டில் நான் முதலில் எடுப்பது வெப்பமானியை. அந்த வெப்பமானி சரியாகக் காட்டுகிறது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அதை வைத்து ஃபிரிட்ஜைச் சந்தேகிக்க முடிகிறது. தெரியாத வெப்பமானியும் தெரியாத ஃபிரிட்ஜும் சேர்ந்தால் எதை நம்புவது? 317 பியரை நான் அப்படித்தான் அளந்திருக்கிறேன்.

பெடியன் கொண்டுவந்த டின்களின் பயணத்தையும் அப்போதுதான் யோசித்தேன். உதயதேவியில் தலைக்கு மேலே தட்டில், பகல் முழுக்க, தகரக் கூரைச் சூட்டில். பியருக்குக் கசப்பும் வாசமும் தருவது ஹொப் பூ; அந்தப் பூ வாசத்தை நம்பிச் செய்கிற பியருக்கு அந்த வாசம்தான் முதலில் கழரும். சூட்டில் இன்னும் வேகமாகக் கழரும். அந்த ஒன்றுமில்லாத முடிவு பியரின் பிழையா, ரயிலின் பிழையா? இனிச் சொல்ல வழியில்லை. லயனும் பியகமவில் இருந்து முந்நூறு கிலோமீட்டர் அளவு லொறியில்தான் வருகிறது, உண்மைதான். ஆனால் லொறியில் வாடின லயன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்: நனைந்த காட்போட் பெட்டி வாசம். வந்தால் திருப்பிக் கொடுக்கலாம். திகதியைப் பார்த்து வாங்கினால் அநேகமாக வராது.

மூன்றாவது தடவை வீட்டில், ஒரு சோதனை. ஒரே போத்தலை இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை விறாந்தை நிழலிலும் மற்றதைக் கிணற்றுக் கட்டில் மத்தியான வெயிலிலும் கால் மணித்தியாலம் வைத்தேன். பிறகு இரண்டையும் ஃபிரிட்ஜில் வைத்துச் சமமாகக் குளிராக்கினேன். வெயில் கிளாஸைப் பெடியன் மூக்கில் வைத்ததும் முகத்தைத் திருப்பினான். கருகிய ரப்பரும் அழுகின வெங்காயத் தோலும். ஹொப்பின் கசப்பில் வெளிச்சம் பட்டால் கந்தகச் சேர்வை ஒன்று உண்டாகிறது, துளியிலும் துளி இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். கபிலக் கண்ணாடி அந்த வெளிச்சத்தை அநேகமாகத் தடுக்கும், பச்சைக் கண்ணாடி அவ்வளவு தடுக்காது, டின்னுக்குள் வெளிச்சமே போகாது. கடை வாசலில் வெயிலைப் பார்த்தபடி நிற்கிற கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜில், முன்வரிசைப் போத்தலை நான் ஏன் எடுப்பதில்லை என்று முதலாளிமாருக்கு இப்போது விளங்கும். பின்னால் கையை விட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

(மனைவியிடமும் முகரக் கொடுத்தேன். "ரெண்டும் நாத்தம்தான்" என்றார். அவருக்குப் பியர் என்றால் எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர், மற்றதெல்லாம் வியாதி.)

நான்காவது தடவை ஒன்றும் அளக்கவில்லை. நானும் என் கூட்டாளி ஒருவரும் சுறா வறையும் வைத்துக்கொண்டு பழைய கதை பேசினோம். பிரச்சினை காலத்தில் கரண்ட் இல்லாத மாதங்களில் மீன் வாடிக்காரரிடம் கெஞ்சி ஐஸ் வாங்கி, மரத்தூள் தட்டி, வாளிக்குள் போட்டு இரண்டு போத்தலை அமுக்கி வைப்போம். எடுத்தால் போத்தல் கழுத்தெல்லாம் சூரை மீன் நாற்றம். "அதுதான்டாப்பா டேஸ்ட்" என்றார் அவர். நல்ல பியர்தான். வேறு என்ன சொல்ல.

2016-ஐயும் அவர்தான் ஞாபகப்படுத்தினார். அந்த மே மாதம் களனி கங்கை பெருகி பியகம வடிசாலைக்குள் வெள்ளம் புகுந்து, பியர் உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது. தவறணைகளில் லயன் இல்லை. இறக்குமதி டின்கள் வந்தன. ஊரே தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தபோது நான் மட்டும் கொப்பியோடு திரிந்தேன், எனக்கு அது திருவிழா. அந்த வருடம் மட்டும் 22 இலக்கம் ஏறியிருக்கிறது. "லயன் திரும்பி வந்த நாள் நீ எத்தின குடிச்சாய், ஞாபகம் இரிக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. அது கொப்பியில் இல்லாததால் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

ஐந்தாவது தடவை கார்ல்ஸ்பேர்க். இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். இலங்கையிலும் லயன்காரரே வடிக்கிற டென்மார்க் பெயர். நான் இதைக் கோப்பன்ஹேகனிலும் குடித்திருக்கிறேன், கொப்பியில் 12-ஆவது இலக்கம், தீர்ப்பு "சாது". இப்போதும் அதே சொல்தான் வருகிறது. லயனைவிட மெல்லிசு, காய்ந்த முடிவு, வாயில் ஒன்றையும் விட்டுவைக்காது. காரமாகச் சாப்பிட்டால் பொருந்தும், தனியாகக் குடித்தால் பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும். ஆனால் லாகர் குடிக்கிற எவரும் அந்தப் பெயருக்குக் கொஞ்சம் கடன்பட்டவர். 1883-இல் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில்தான் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் பியரை நொதிக்க வைக்கும் ஈஸ்டில் ஒற்றைக் கலத்தைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். அதற்கு முன்னால் ஒரு தொட்டி நன்றாக வரும், அடுத்த தொட்டி புளிக்கும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. நேற்றுக் குடித்த அதே ருசி இன்றும் கிடைப்பது அதற்குப் பிறகு வந்த வசதி.

ஸ்ட்ரோங் வகைகளைத் தொடவில்லை. 8.8 வீதத்தில் லாகர் என்பது பியர் அல்ல, அவசரம். காசுக்கு ஏற்ற ஏற்றம் என்று வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. வரி ஏறி ஏறி ஒரு போத்தலின் விலை இருக்கிற இருப்பில் அவர்கள் கணக்கும் கணக்குத்தான்.

ஆனால் அதே 8.8-இல் லயன் ஸ்டவுட் என்ற கறுப்புப் பியர் வேறு சாதி. கடைசி மூன்று தடவையும் அதற்கே கொடுத்தேன். சின்ன வயதில் எனக்கு ஸ்டவுட் என்றால் மருந்து. பெரியப்பா வயலில் இருந்து வந்து, ஸ்டவுட்டில் நாட்டுக்கோழி முட்டை உடைத்து அடித்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். அதைப் பார்த்ததாலேயே முப்பது வயது வரை நான் தொடவில்லை. வெளிநாட்டில் பெயர் பெற்ற இலங்கைப் பியர் எது என்று கேட்டால் இதுதான். மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயர், பாடகர் இல்லை, 2007-இல் காலமான பியர் எழுத்தாளர், கண்டியில் இதைக் குடித்துவிட்டு உலகத்துக்கே சொன்னார். ஹம்பேர்க்கில் ஒரு கடைத் தட்டில் இந்தச் சிங்கத்தைக் கண்டபோது எனக்கு ஊர்க்காரனைக் கண்ட மாதிரி இருந்தது. வாங்கவில்லை. கொப்பிக்குப் புதுசு அல்லவே! அந்த முட்டாள்தனத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஸ்டவுட்டையும் எங்கள் கடைகள் 3 பாகையில்தான் தருகின்றன. அப்படிக் குடித்தால் கருகல் கசப்பும் சாராயச் சூடும் மட்டும் தெரியும். எத்தனை பாகையில் வைப்பது என்று யோசித்தபோது கப்பல் ஞாபகம் வந்தது. வாழைப்பழத்துக்கு 13.3 பாகை. அதற்குக் கீழே இறங்கினால் தோல் சாம்பல் பூத்துவிடும், பழம் பிறகு ஒழுங்காகப் பழுக்காது. பதின்மூன்று வருடம் இரவிலும் பகலிலும் நான் காவல் காத்த இலக்கம் அது. போத்தலை ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து, ஈரத்துணி சுற்றி மேசையில் வைத்து, 13 வந்ததும் திறந்தேன்.

கறுப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் மட்டும் பனங்கருப்பட்டிப் பாகின் சிவப்பு. நுரை மண்ணிறம், தடிப்பு. வறுத்த கோப்பிக் கொட்டை, கொஞ்சம் அடிப்பிடித்த சீனி, காய்ந்த முந்திரிகைப் பழம், பிறகு மெதுவாக ஒரு சூடு நெஞ்சுக்குள் இறங்குகிறது. விழுங்கின பிறகும் நாக்கில் கொக்கோ நிற்கிறது. மனைவி காத்தான்குடியில் ஒரு சிநேகிதியிடம் படித்து வட்டிலப்பம் வைப்பார். ஏலக்காயும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்த ஒரு துண்டோடு குடித்தேன். சீனி வருத்தக்காரன் செய்யக் கூடாத காரியம், டொக்டர் இதை வாசிக்க மாட்டார் என்று நம்புகிறேன். படித்துக் கொடுத்த சிநேகிதிக்கும் இந்தச் சோடி தெரிய வேண்டாம்.

மூன்று ஸ்டவுட்டில் ஒன்று என் களஞ்சிய அறையில் இரண்டு வருடம் மறந்து கிடந்தது. கட்டிலுக்குக் கீழே, இருட்டில், ஓரளவு குளிர்ச்சியான மூலையில். லாகரை அப்படி வைத்தால் காட்போட் ஆகிவிடும், இது ஆகவில்லை. கருகல் அடங்கி, பேரீச்சம்பழப் பக்கம் சாய்ந்திருந்தது. புதுசைவிட நல்லதா என்று கேட்டால், அன்று ஆம் என்றேன், அடுத்த நாள் புதுசைக் குடித்துவிட்டு இல்லை என்றேன். இன்னும் நான்கை வாங்கி அதே மூலையில் வைத்திருக்கிறேன், முடியில் திகதி எழுதி. மூன்று வருடம் கழித்து நான் இருந்தால் தெரியும்.

புதுசே வேண்டாம் என்று ஆகிவிட்டதா என்று பெடியன் தொலைபேசியில் கேட்டான். அப்படி இல்லை. கொண்டுவா என்றேன். ஆனால் நான்கு விதம் வேண்டாம், ஒரே விதத்தில் நான்கு. ரயிலில் வந்தால் தலைக்கு மேல் வைக்காமல் காலுக்குக் கீழே ஐஸ் பெட்டிக்குள். முதல் டின்னை நான் தீர்ப்பு எழுதாமல் குடிப்பேன். கொப்பியின் சட்டத்தைத் திருத்தியாயிற்று: ஒரு பியர் மூன்றாவது தடவை குடித்த பிறகே உள்ளே வரும், வந்தால் ஒரு சொல் போதாது, அரைப் பக்கம். எலும்புக்கூட்டின் 318-ஐ அடித்துவிட்டேன். பாவம், அதை இன்னொரு தடவை ஒழுங்காகக் குடித்துப் பார்க்க வேண்டும்.

நாளை எசல போயா. கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன் கேட்கும் என்று ஆட்கள் கூடுகிற நிலவு நாள்தான் தவறணை பூட்டுகிற நாளும். யார் இந்த ஒழுங்கைச் செய்தார்களோ தெரியாது. பெடியன் இரவு வருகிறான். ஃபிரிட்ஜின் இரண்டாம் தட்டில், பின்பக்கமாக, இரண்டு லாகர் கிடக்கிறது. தெர்மோஸ்டாட்டை இப்போதே 7-க்குத் திருப்பி வைத்தால் மனைவி பால் திரைந்துவிடும் என்கிறார். அதுவும் சரிதான். எடுத்து மேசையில் வைத்துக் காத்திருக்கலாம்.